வீட்டில் வேறு பிள்ளைகள்

சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளையும் இளவயதினரையும் கணக்கில் வைத்திருக்கும் பதிவேட்டு அலுவலகம் அது. ஓராண்டாகப் பரிசோதனைக்கு வராதவர் வீட்டுக்கு மூன்று தனித்தனி நாட்களில் போன் செய்வார்கள். மூன்று முறையும் யாரும் எடுக்காவிட்டால் 'தொடர்பில் இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். அப்புறம் கடிதமும் போகாது, நர்சும் போகமாட்டார்.

மூத்தவள் அங்கே எழுத்தர். கணினியில் ஏதோ வேலை என்பதற்கு மேல் அவள் அம்மா கேட்டுக்கொண்டதில்லை. அந்த மாதம் மூத்தவளின் மேசைக்கு வந்து சேர்ந்தது சொந்தத் தங்கையின் கோப்பு. உறவுக்காரர் கோப்பு வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். அவள் தள்ளவில்லை.

தங்கைக்கு மூன்று வயதில் நோய் வந்தது. அன்றிலிருந்து சின்னவளுக்கு ஊசி, சின்னவளுக்கு அளந்த சாப்பாடு, சின்னவள் முகம் வாடினால் வீடே வாடும். மூத்தவள் காய்ச்சலில் கிடந்தபோது, சின்னவள் பக்கம் போகாதே, ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா சொன்னதோடு சரி. தனக்கும் அந்த நோய் வரக்கூடாதா என்று மூத்தவள் ஏங்கியதுண்டு. பொறாமைக்கு ஏது வெட்கம்? ஒரே ஒரு இடத்திலாவது தங்கையின் பெயர் இல்லாமல் போகட்டும் என்றிருந்தது அவளுக்கு.

இப்போது சின்னவளுக்குப் பத்தொன்பது. கல்லூரிக்குப் போனதும் பரிசோதனைக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். கோப்பில் இருந்தது வீட்டுப் போன் எண் மட்டும்தான். அம்மா கடைக்குப் போகும் பதினொரு மணியாகப் பார்த்து மூத்தவள் இரண்டு நாள் அடித்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் நாளும் அதே பதினொரு மணிக்கு அடித்தாள்.

அம்மா எடுத்துவிட்டாள்.

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் தானாக அலுவலகக் குரலில் படிவத்துக் கேள்விகளை வாசித்தது. அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. சின்னவள் காலையில் தலைசுற்றிப் படுத்துவிட்டாளாம், அதனால்தான் கடைக்குப் போகவில்லையாம். ஊசியைத் தவறவிடுகிறாள், கேட்டால் எரிந்து விழுகிறாள் என்று சொல்லி அம்மா அழுதாள். யாரையாவது அனுப்பும்படி கெஞ்சினாள். மூத்தவளுக்குச் சுருக்கென்றது. இன்றே நர்ஸ் வருவார் என்று சொல்லி, அப்படியே எழுதினாள்.

கடைசிக் கேள்வி மிச்சமிருந்தது. வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா, அவர்களுக்கு நோய் ஏதும் உண்டா?

"மூத்தவ ஒருத்தி இருக்கா. அவளுக்கு ஒரு குறையும் இல்ல. அவ பாட்டுக்கு வளந்துட்டா."

பேனா நின்றுவிட்டது. ஒருவழியாக நன்றி சொன்னாள்.

"ஏம்மா, குரல் கம்மிப் போச்சே," என்றாள் அம்மா. "காலையிலேர்ந்து பேசிட்டே இருக்கியா? ஏதாச்சும் சாப்பிட்டியா கண்ணு?"

சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். நினைவு தெரிந்த நாளாய் அம்மா அவளை அப்படிக் கேட்டதில்லை. அம்மாவுக்கு முன்பின் தெரியாத அந்தப் பதிவேட்டுக்காரியை நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது.