முதுகுப் பக்கம்

பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் ஆரணியைக் குனியச் சொன்ன டொக்டர், முதுகெலும்பு நெடுக விரலை ஓட்டிப் பார்த்தார்.

"முதுகு ஒரு பக்கம் வளையுது பிள்ளை. வலது தோளும் இறங்கியிருக்கு. பதினாலு வயசு, வளருற நேரம். இப்பவே கவனிச்சால் மேலும் வளையாமல் தடுக்கலாம். அம்மா இதைக் காணேல்லையோ?"

"அம்மா ஒவ்வொரு நாளும் பாக்கிறவா டொக்டர்," என்றாள் ஆரணி. கனடாவிலிருந்து என்று சொல்லவில்லை.

அம்மாவும் அப்பாவும் போய் இரண்டு வருடம். பாழாய்ப்போன விசா இவளுக்கு மட்டும் வரவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் சின்னம்மாவின் பிளாட்டில் இருக்கிறாள். சின்னம்மா நல்லவள்தான், ஆனால் வேலை முடிந்து வர எட்டு மணியாகிவிடும். இரட்டைப் பின்னலை முன்னால் இழுத்துப்போட்டுத் தானே பின்னிக்கொள்ள ஆரணி பழகிவிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்று ஒருவர் தலைவாரிவிட்டு எத்தனை காலம்!

அன்று பின்னேரமும் போனைச் சீனி டின்னில் சாய்த்துவைத்து முன்னால் உட்கார்ந்தாள். டொக்டர் தந்த கடிதம் மடியில் கிடந்தது. திரையில் அம்மா வந்ததும் வழக்கமான பேச்சுத்தான்.

"எத்தனை தரம் சொல்லுறது? போன் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது. நேரா வை பிள்ளை."

ஒரு வருடமாக இதைக் கேட்டுக்கேட்டு அவளும் போனை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டுதான் இருந்தாள். இன்று கை போகவில்லை.

"போன் நேராத்தான் இருக்கு அம்மா."