வண்டு இல்லாத அரிசி

வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். கரப்பான்பூச்சியைக் கண்டால் கத்துவேன், இடி இடித்தால் காதைப் பொத்துவேன். அரிசியில் வண்டு ஊர்ந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கொழுந்தன் அதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஓட்டுவான்.

எங்கள் சமையலறைச் சுவரில் ஈரம் கசியும். போன மூட்டை அங்கேதான் கெட்டது. கையை விட்டால் அரிசி கட்டி கட்டியாக வந்தது. உடைத்தால் பச்சைப் பூசணம், மக்கிய வாடை. கழுவிப் பார்க்கலாமே என்றார் கணவர். கழுவிச் சமைத்தால் நீங்களே முதலில் சாப்பிடுங்கள் என்று கத்திவிட்டு அத்தனையையும் கொட்டினேன். வீட்டிலேயே காய்ந்த இடம் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில்தான் என்பதால், புது மூட்டை அங்கே குடிவந்தது. பூசணம் வரவில்லை. வண்டு வந்தது.

அன்று தையல் கம்பெனியிலிருந்து மத்தியானமே திரும்பிவிட்டேன். கொழுந்தன் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். தானியக் கிடங்கில் வேலை அவனுக்கு.

“அண்ணி, இனிமே வண்டைப் பார்த்துக் கத்த வேணாம். அதுக்கு ஒரு வழி பண்ணியாச்சு!”

உள்ளே காலை வைத்ததும் பூண்டு வாடை அடித்தது. வீட்டில் ஒரு பல் பூண்டுகூடக் கிடையாது.

“தம்பி, என்னத்தைப் போட்ட?”

“கிடங்குல போடுற மாத்திரைதான். துணியில முடிஞ்சு மூட்டைக்குள்ள வச்சிருக்கேன். அதுலேர்ந்து வர்ற வாயுவுல ஒரு வண்டு தப்பாது.”

“அங்க அதைப் போட்டா நீங்கல்லாம் எங்க இருப்பீங்க?”

“நாங்க எதுக்கு உள்ள இருக்கப்போறோம்? கதவை சீல் வச்சுட்டு நாலஞ்சு நாளைக்கு ஒருத்தரையும் உள்ள…”

மாட்டிய ஒற்றை ஷூவோடு எழுந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

கணவருக்கு இரவு வேலை. பகலில் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு அந்தக் கட்டிலில்தான் தூங்குவார். பக்கத்தில் எங்கள் பாப்பாவும் தூங்கும்.

படுக்கையறைக் கதவைத் தள்ளினேன். கட்டிலிலிருந்து வாசற்படி வரை வண்டுகள் மல்லாந்து கிடந்தன. பாப்பா வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தாள். கரப்பான்பூச்சிக்கெல்லாம் கத்துகிற எனக்கு அப்போது குரலே எழும்பவில்லை. அவளை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

“தலை சுத்துதுடா… கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்” என்று முனகிய கணவரைக் கொழுந்தன் தோளில் போட்டு இழுத்துவந்தான்.

“இந்த விஷவாயுவுக்கு மாத்து மருந்து கிடையாதும்மா” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். “ஆக்சிஜன் வச்சிருக்கோம். பார்த்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்.”

பார்த்துக்கொண்டே இருந்தேன். பாப்பாவின் மூக்கடியில் விரலை வைத்து வைத்து எடுத்தேன், நர்ஸ் அதட்டும் வரை. அப்படியொரு பயத்தை என் எதிரிக்கும் நினைக்கமாட்டேன். வெளியே கொழுந்தன் சுவரோரம் குந்தித் தலையில் அடித்துக்கொண்டிருந்தான். அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. கணவர் சாயங்காலமே எழுந்து உட்கார்ந்தார். பாப்பா மறுநாள்தான் கண் திறந்து, பாலுக்காக என் சேலையைப் பிடித்து இழுத்து வீறிட்டாள். நானும் அவளோடு சேர்ந்து சத்தமாக அழுதேன்.

அந்த மூட்டையை முகமூடி போட்ட ஆட்கள் வந்து எடுத்துப்போனார்கள். இப்போது அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்குகிறோம். இறுக மூடும் டப்பாவில் போட்டு, சுவரை ஒட்டாமல் பலகைமேல் வைக்கிறேன்.

நேற்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பியபோது ஒரு வண்டு என் விரலில் ஏறியது. நான் கத்தவில்லை.

“தம்பி, இங்க வா.”

பயந்துகொண்டே வந்தான். விரலை நீட்டினேன்.

“பாரு, உயிரோட இருக்கு.”

குனிந்து அதைப் பார்த்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து வண்டு பொறுக்க ஆரம்பித்தான்.