கதவைத் தாண்டிய மேசை

தையல்காரருக்கு ஒரு சாப்பாட்டு மேசை வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசை யாருக்குத்தான் வேண்டாம் என்பீர்கள். அவருக்கு வேண்டியது மேசை மட்டுமில்லை. அதில் வந்து உட்காரும் ஒரு பெண்ணும்.

அவருக்கும் அவர் மனைவிக்கும் அது இரண்டாம் கல்யாணம். மனைவி பஸ் ஓட்டுகிறவள். ஊரையே ஏற்றி இறக்குகிற கைகள், வீட்டில் ஒரு டம்ளரை வைத்தால்கூட பிரேக் போட்ட மாதிரி நச்சென்று வைக்கும். பத்தாவது படிக்கிற மகளோடு அவள் இருந்த வீட்டுக்கு, ஒரு தையல் மிஷினையும் இரண்டு இரும்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இவர்தான் வந்து சேர்ந்தார்.

அந்த வீட்டில் மடக்கு மேசை ஒன்றும் நாற்காலி இரண்டும் இருந்தன. அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது. இவர் வந்த முதல் நாள், அந்தப் பெண் தன் தட்டை எடுத்துக்கொண்டு, "இடமில்லம்மா, நான் உள்ள சாப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குச் சாத்திய கதவு, அதன் பிறகு ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் சாத்திக்கொண்டது. அவள் கோபக்காரி இல்லை. துடுக்காக ஒரு வார்த்தை பேசினது கிடையாது. எது வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான் வரும். "விளக்கை அணைக்கச் சொல்லும்மா." "மிஷின் சத்தம் கேக்குதுன்னு சொல்லும்மா." அவரை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதனால் கூப்பிடவே இல்லை.

அவளுடைய நாற்காலியில் தான் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் தையல்காரருக்குச் சோறு இறங்கவில்லை. இடமில்லை என்றுதானே சொன்னாள், இடத்தைப் பண்ணிவிடுவோம் என்று ஒருநாள் தச்சரைத் தேடிப் போனார்.

மரக்கடைக்குப் பின்னால் கொட்டகை போட்டிருந்த அந்தத் தச்சருக்குத் தெருவில் 'நாளைக்கு' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். ஆனால் அவர் இழைத்த பலகையில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம், அவ்வளவு வழவழப்பு. அதனால் திட்டிக்கொண்டே எல்லாரும் அவரிடமே போனார்கள். நாளைக்கு வீட்டுக்கு வந்து இடத்தைப் பார்க்கிறேன், அதற்குள் நீங்கள் மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றார் தச்சர்.

மனசில் இருப்பதைச் சொல்லச் சொன்னால் தையல்காரர் சும்மா இருப்பாரா? கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார். முழங்கை இரண்டையும் அகட்டித் தனக்கு ஓர் அளவு எடுத்தார். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய மனைவிக்கு அதைவிட அகலமாக ஓர் அளவு. அந்தப் பெண் கிட்டவே வந்ததில்லை என்பதால் அவளுக்குக் கண்ணளவு. கண்ணளவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பிறகு தொழில் பழக்கத்தில், இறுக்கிப் பிடிக்காமல் இருக்க ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் லூஸ் சேர்த்தார். கடைசியில் ஒரு கவலை வந்தது.

"வளர்ற பிள்ளை. அவ பக்கம் மட்டும் உள்ள கொஞ்சம் மடிச்சு விட்டு வைங்க, அப்புறம் பிரிச்சுக்கலாம்."

"மரத்தை உள்ள மடிச்சுத் தைக்க முடியாது டெய்லரே."

"அப்ப வெளியவே விட்டுடுங்க."

தச்சர் தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்தார். மரத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது என்பது அவர் தொழிலின் ஜாக்கிரதை. இரண்டு ஜாக்கிரதைக்காரர்கள் ஒரு மேசைக்கு அளவு சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே இப்போது ஒரு சந்தேகம் வந்திருக்கும்.

புறப்படும்போது தையல்காரர் இன்னொன்றும் கேட்டார். அந்தப் பெண் உட்காரும் கோடியில், பலகையின் மேல் குறுக்காக ஒரு காடி வேண்டும். ஒரு விரல் அகலத்துக்கு நீளப் பள்ளம். தண்ணீர் தேங்குமே, எறும்பு வருமே, எதற்கு இந்த வேண்டாத வேலை என்று தச்சர் மன்றாடிப் பார்த்தார். தையல்காரர் காரணமும் சொல்லவில்லை, விடவுமில்லை.

இடத்தைப் பார்க்க நாளைக்கு வருகிறேன் என்றவர், வழக்கம்போல வரவில்லை. மேசையோடுதான் வந்தார்.

மனைவி வேலைக்குப் போயிருந்த மத்தியான வேளை. கால்கள் தனியாக, பலகை தனியாக வண்டியிலிருந்து இறங்கின. பலகையைப் பார்த்ததும் தையல்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது. தேன் நிறம், ரேகைகள் பட்டுத்துணியில் விழும் மடிப்பு மாதிரி ஓடின. இருவருமாகத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனார்கள். பின்கோடி சமையலறைச் சுவரில் முட்டியது. முன்கோடி அந்தப் பெண்ணின் அறைக் கதவில் முட்டியது. குறுக்கே திருப்பினால் வாசலுக்கு வழியில்லை. அவள் அறைக்கு இரட்டைக் கதவு, எப்போதும் ஒரு பக்கம் தாழ் போட்டே இருக்கும். வேறு வழியில்லாமல் இரண்டு பக்கத்தையும் திறந்து, பலகையை நேரே விட்டுக் கால்களைப் பூட்டினார்கள். மேசை நிலைப்படியைத் தாண்டி, அறைக்குள் ஒரு கை நீளம் புகுந்து, அந்தப் பெண்ணின் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றது.

தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"இடத்தை அளந்தீங்களா டெய்லரே?"

"நான் ஆளைத்தானே அளப்பேன். இடத்தை அளக்க நீங்க நாளைக்கு வரேன்னீங்க."

"நாளைக்கு வர்றதாத்தான் இருந்தேன்" என்றார் தச்சர், கொஞ்சமும் அசராமல்.

மனைவி வேலை முடிந்து வந்து வாசலிலேயே நின்றாள். மேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். இதை ரிவர்ஸ் எடுக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது, ஓட்டிப் பழகினவள் சொல்கிறேன் என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தையல்காரரால் சிரிக்க முடியவில்லை. ஒரு நாற்காலியைப் பறித்தது போதாதென்று இப்போது அறைக்குள்ளும் மூக்கை நுழைத்தாயிற்று. அந்தக் குழந்தைக்கு இனிச் சாத்திக்கொள்ள ஒரு கதவுகூட இல்லை. வெட்டிவிடுங்கள் என்று தச்சரிடம் சொன்னார். தச்சர் நிலைப்படிக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். காடி, கோட்டுக்கு அந்தப் பக்கம், வெட்டி எறிகிற துண்டில் இருந்தது.

ரம்பத்தைக் கையில் எடுக்கும்போது அந்தப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். மேசைக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த சந்தில் பக்கவாட்டாக நுழைந்து தன் அறைக்குள் போய், கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் மேசை சரியாக அவள் முழங்கைக்கு வந்தது.

"வெட்டிடப் போறோம், கவலைப்பட வேண்டாம்னு சொல்லு" என்று தையல்காரர் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

மனைவி சிரிப்பை நிறுத்தினாள். "நான் என்ன கண்டக்டரா? எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும். டிக்கெட்டை நீங்க ரெண்டு பேரும் நேரா கொடுத்து வாங்கிக்கங்க."

அந்தப் பெண்ணின் விரல் காடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது.

"இது எதுக்கு?" யாரைக் கேட்டாள் என்று சொல்ல முடியாது. பலகையைக் கேட்டாள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"புஸ்தகம் நிக்க" என்றார் தையல்காரர்.

"நான் படிச்சுக்கிட்டே சாப்பிடுவேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. உன் புஸ்தகம் எல்லாத்துலயும் அடி ஓரத்துல குழம்புக் கறை இருக்கு. தட்டுல சாய்ச்சு வெச்சுப் படிச்சாத்தான் அங்க படும். கறை எப்படி விழுந்ததுன்னு பாக்கறது எங்க தொழில்ல பழக்கம்."

அவள் பையைத் திறந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தாள். விரித்துக் காடியில் நிறுத்தினாள். கையை எடுத்தாள். புத்தகம் நின்றது. ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், அப்போதும் நின்றது.

"வெட்ட வேண்டாம்" என்றாள்.

அப்படியானால் கதவு சாத்தாது டெய்லரே என்று தச்சர் விளக்கினார். கதவைக் கழற்றிவிடுங்கள் என்றாள் அவள். நாளைக்கு வந்து கழற்றுகிறேன் என்றார் தச்சர். இப்பவே என்று அம்மாவும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த மனிதர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து 'இப்பவே' என்ற சொல்லுக்குப் பணிந்தது அன்றைக்காகத்தான் இருக்கும்.

கீல்கள் கழன்றுகொண்டிருக்கும்போது அந்தப் பெண் நிலைப்படிக்கு வந்தாள். தையல்காரரை நேராகப் பார்த்தாள்.

"கதவு போச்சுன்னா எனக்குத் திரை வேணும். நான் இழுத்து விட்டா யாரும் விலக்கக் கூடாது." தச்சர் கூப்பிட்டது காதில் இருந்ததோ என்னவோ, "டெய்லரே, தைச்சுத் தருவீங்களா?" என்றாள்.

அம்மா அதட்ட வாயெடுத்தாள். தையல்காரர் கையைக் காட்டி அவளைத் தடுத்தார். அந்த ஒரு சொல்லை யாராவது திருத்திவிடப் போகிறார்களே என்று அவருக்குப் பயம். பதிலுக்கு டேப்பைத்தான் உருவினார். நிலையின் உயரம், அகலம், மேசையின் கனம், அது நிலையைத் தாண்டும் இடம் எல்லாவற்றையும் இந்தத் தடவை மூன்று மூன்று முறை அளந்தார். என்ன நிறம் என்று அவளையே கேட்டார். மஞ்சள் என்றாள்.

சட்டையின் முன்பக்கம் போலத் திரையை இரண்டு பாதியாக்கி, கழுத்து வெட்டுவது போல நடுவில் மேசைக்கு ஒரு வாய் வெட்டி, சுற்றிலும் பட்டி வைத்துத் தைத்து, மறுநாள் சாயங்காலமே மாட்டிவிட்டார். மேசை சட்டை போட்டுக்கொண்டு ஒரு பாதி இங்கேயும் ஒரு துண்டு அங்கேயுமாக நின்றது.

அன்றைய சாப்பாட்டுக்கு அவள் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பேச்சுப் பேச்சாக இருக்க வேண்டும் அல்லவா, யாரும் தொடவில்லை. இந்தப் பக்கம் இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் பக்கங்கள் திரும்பும் சத்தம் கேட்டது. தையல்காரர் சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். அப்போது திரைக்கு அடியிலிருந்து ஒரு காலித் தட்டு மேசைமேல் ஊர்ந்து வெளியே வந்தது. அவர் பதறி எழுந்து சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார். தட்டு உள்ளே போனது.

ஒரு வாய் சாப்பிடுகிற நேரம் போயிருக்கும். மஞ்சள் திரை சரக்கென்று இரண்டு பக்கமும் ஒதுங்கியது. கட்டிலில் சம்மணம் போட்டு, முன்னால் புத்தகமும் தட்டுமாக அவள் உட்கார்ந்திருந்தாள்.

"உப்பே இல்ல டெய்லரே. அதை இப்படித் தள்ளுங்க."

அவர் கையை நீட்டினார். எட்டவில்லை. அவள் நீட்டினாள். அதுவும் எட்டவில்லை. மேசை அவ்வளவு நீளம்.

"இதுக்கு ஒரு பஸ் விடணும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா உப்புக் கிண்ணத்தை ஒரே தள்ளாகத் தள்ளினாள். அது தேன் நிறப் பலகையில் வழுக்கிக்கொண்டு போய், நிலைப்படியைத் தாண்டி, காடிக்கு இந்தப் பக்கம் நச்சென்று நின்றது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தையல்காரர் அப்போதுதான் முதல் கவளத்தை வாயில் வைத்தார். உப்பில்லைதான். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

கழற்றிய கதவுகள் இரண்டும் இன்னமும் வாசலில்தான் சாத்தினபடி நிற்கின்றன. மேசைக்குத் தோதாக அவற்றை ஒரு பெஞ்சாக்கித் தருவதாகத் தச்சர் சொல்லியிருக்கிறார். நாளைக்கு வருவார்.