கேண்டீன் குக்கரில் வெந்தது

காபிக்காக எங்கள் பேண்டேஜ் கம்பெனி கேண்டீனுக்குள் போனவள், விசில் அடங்கிய குக்கரைச் சும்மா திறந்து பார்த்தேன். பருப்பு இல்லை. தட்டு நிறைய ஸ்டிக்கர்.

"ஏட்டி இந்து, மூடு! இதான் கடைசித் தட்டு, இன்னும் பத்து விசில் வைக்கணும்" என்றாள் சமையல்கார முனீஸ்வரி அக்கா. "கறுக்குற வரைக்கும் வேகணுமாம். மொதலாளிதான் சொன்னாவ."

காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை நீராவி மெஷினில் வைத்துக் கிருமி நீக்கினால், பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கறுக்கும். அந்தக் கறுப்பை நம்பித்தான் டாக்டர் பெட்டியைப் பிரிப்பார். எங்கள் மெஷின் ரிப்பேராகிப் பத்து நாளாகிறது. துணியை விட்டுவிட்டு ஸ்டிக்கரை மட்டும் வேகவைக்கிறார்கள்! தரச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

முதலாளி நவநீதகிருஷ்ணன் அறைக்கு ஓடினேன். அக்கா ஏதோ தப்பாகச் சொல்கிறாள் என்றே அதுவரை நம்பினேன். ராஜபாளையத்தில் அவர் ஏறாத மேடை கிடையாது. என் காலேஜ் பீஸைக் கட்டியதே அவர் டிரஸ்ட்தான். நேர்மையைப் பற்றி அவர் பேசியபோது முதல் ஆளாகக் கைதட்டியவள் நான்.

ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதும் அவர் சிரித்தார். "பதறாதம்மா. எல்லாம் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போறதுதான். நம்ம வீட்டாளுக யாரு அங்க போறா?"

"எங்க வீட்டாளுக போவாவ சார்."

"உன்னை எதுக்குப் படிக்க வெச்சேன்? போடு கையெழுத்தை. லாரி நிக்குது."

போட்டேன். "துணி கிருமி நீக்கப்படவில்லை" என்று மேலே எழுதிவிட்டுத்தான் போட்டேன். போட்டோ எடுத்து மருந்து ஆய்வாளருக்கு அனுப்பினேன். "நன்றி கெட்ட நாயே" என்று அவர் எழுந்தபோது நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தரைப் பெரிய மனுஷன் என்று மேடையில் உட்காரவைத்துவிட்டு, கேள்வி கேட்பதையே விட்டுவிட்டது இந்த ஊர். அதில் நானும் கூட்டு.

லாரி அருகில் போய் எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். முனீஸ்வரி அக்கா கேண்டீனிலிருந்து ஓடிவந்தாள்.

"எம் மவளுக்கு நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல சிசேரியன்டி. இது அங்கயா போகுது?"

"அங்கதான்க்கா."

அவள் லாரியில் ஏறி முதல் பெட்டியை இழுத்துக் கீழே இறக்கினாள்.

"எவனாவது இறக்குனா வேலை காலி!" படியிலிருந்து முதலாளி கத்தினார்.

லோடுமேன் சிவனாண்டி தலைத்துண்டை அவிழ்த்தார். "மொதலாளி, உங்க கையில சின்னதா ஒரு கீறல் போட்டு, இந்தத் துணியைக் கட்டிக் காட்டுங்க. பொறவு அம்புட்டையும் நானே ஏத்துதேன்."

முதலாளி இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.