தட்டில் மிஞ்சிய ஐந்தாவது

உலகோர் அறிக! நவம்பர் நான்காம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, கியோத்தோவின் பழைய பேட்டையில் பாரம்பரிய இனிப்பை எங்கே உட்கார்ந்து சுவைப்பது என்னும் மாபெரும் கேள்விக்கு விடைகாண, பேட்டைப் பாதுகாப்புச் சங்கத்தின் உயர்மட்டக் குழு ஒரு கடையின் உள்ளறையில் கூடியது. உயர்மட்டம் என்றால் நால்வர்: தலைவர் மிசோகுச்சி, கிமோனோக் கடை ஓரிதோ அம்மாள், பீங்கான் வியாபாரி தாகே, முடிவைச் சுற்றுலாக் கையேடாக எழுத வேண்டிய நான்.

கடைக்காரம்மா தட்டை வைத்தார். சிவப்புப் பயறுப் பூரணம் பொதிந்த, மேப்பிள் இலை வடிவ இனிப்புகள், ஐந்து. ஆளுக்கொன்று தின்றோம். இலையுதிர்காலத்தின் ஆன்மாவைப் பற்றித் தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். ஒன்று மிஞ்சியது.

எடுத்தால் பேராசைக்காரன். விட்டுவிட்டு எழுந்தால், வாயில் வைக்க முடியவில்லை என்று கடைக்காரம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். எங்கள் பேட்டையில் இரண்டுக்கும் மன்னிப்பில்லை.

ஐந்து மணிக்கு நான் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவர வேண்டும். "இன்னைக்கும் லேட்டா வந்தீங்கன்னா நேரா தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். ரயில் நாலு பன்னிரண்டுக்கு. இப்போது மணி மூன்றே முக்கால்.

"தலைவரே, நீங்கதான் எடுத்துக்கணும்" என்றேன்.

"சேச்சே! ஓரிதோ அம்மா இருக்கறப்போ நானா?"

"எனக்கெதுக்குங்க? இப்பவே இடுப்புப் பட்டி மூச்சு முட்டுது. தாகே அண்ணாவுக்குக் குடுங்க, வளர்ற வயசு."

"அறுபத்திமூணுல பக்கவாட்டுலதாம்மா வளரணும்" என்று தாகே தட்டை என் பக்கம் தள்ளினார். நான் தலைவர் பக்கம் தள்ளினேன். தட்டு மூன்று சுற்று வந்தது. இனிப்பை யாரும் தொடவில்லை. மண்டியிட்டிருந்த என் கால்கள் முழங்காலுக்குக் கீழே வேறு யாருடையவோ ஆகியிருந்தன.

நான்கு மணிக்கு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மூவரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

"பாவம், மத்தியானம் சாப்பிடலை போல" என்றார் ஓரிதோ அம்மாள், அன்பொழுக.

கதவு நகர்ந்தது. காலித் தட்டைக் கண்ட கடைக்காரம்மாவின் முகம் மலர்ந்தது.

"அவ்வளவு பிடிச்சுதா! இருங்க இருங்க, இன்னொரு தட்டு கொண்டாரேன்."

எழப் பார்த்தேன். கால் வரவில்லை. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மனைவி இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள்.