பனித் துளைகள்

ஸ்ம்ருதி குளிர்ப்பெட்டியின் குமிழை மறுபடியும் இடப்பக்கம் திருப்பினாள். அடியில் இருந்த கம்ப்ரசரின் உறுமல் தணிந்தது. கண்ணாடி மூடிக்குள் அப்பா, நெற்றியில் புதிதாக இட்ட திருமண்ணோடு, யாரோ கூப்பிடுவது கேட்டும் பதில் சொல்ல விருப்பமில்லாதவர்போலப் படுத்திருந்தார்.

"ஏம்மா, திரும்பவும் கொறைச்சுட்டியா?"

கோவிந்த் மாமா பின்னாலேயே வந்துவிட்டார். எதிர் ஃப்ளாட்காரர், குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். "மே மாச வெயில். நாளைக்குக் காலம்பர வரைக்கும் தாங்கணும். ஃபுல்லுல வெக்கணும்னு பொட்டிய எறக்கின ரசூல் பாய் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனார்."

அவர் குமிழை வலப்பக்கம் கடைசிவரை திருப்பிவிட்டு, மூடியைத் துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டுப் போனார். ஸ்ம்ருதி கூடத்துக்கும் பால்கனிக்கும் இடையே நடந்தாள். கைபேசியை எடுத்தாள், வைத்தாள். அவர் எதிர் வாசலுக்குள் நுழைந்ததும் வந்து மறுபடியும் குறைத்தாள்.

அப்பா கோபு விடியற்காலையில் போனார். சில மாதங்களாகவே விழுங்குவது அவருக்கு மறந்துகொண்டிருந்தது. சோறு நுரையீரலுக்குள் போய் நிமோனியா கண்டுவிட்டது. தம்பி அச்யுத் சிங்கப்பூரிலிருந்து விமானம் பிடித்து மறுநாள் காலை திருச்சியில் இறங்குவதாகச் சொல்லியிருந்தான். அவன் வந்து குளித்ததும் நேரே கொள்ளிடக்கரை. அதுவரை வைத்திருக்கத்தான் எடமலைப்பட்டி புதூரிலிருந்து ரசூல் இந்தப் பெட்டியை வேனில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

உடல் கெடாமலிருக்கக் குளிர் வேண்டும். ஆனால் மூளையைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் அது உறையக் கூடாது. இது கூடத்தில் இருந்தவர்களில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஸ்ம்ருதி நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் நோயியல் மருத்துவர். அதிலும் மூளை. நகரத்து மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது பகல் வேலை. வெள்ளிக்கிழமைதோறும், தன் துறையில் அந்த வாரம் வந்த செய்திகளையும் மாணவர்களுக்கான ஒரு பாடத்தையும் வீடியோவாக இணையத்தில் போடுவாள். எதையும் வீட்டில் இருக்கும் பொருளைக் காட்டி விளக்குவது அவள் வழக்கம். உறைந்த மூளையைப் பற்றிய பாடத்துக்கு ஒரு தக்காளி போதுமானதாக இருந்தது. தக்காளியை ஃப்ரீசரில் வைத்து எடுத்து வெளியே வைத்தால் தொளதொளவென்று ஆகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் மெதுவாக உறையும்போது ஊசி ஊசியாகப் பனிப்படிகம் கட்டுகிறது. ஊசி செல்லைக் கிழிக்கிறது. பனி உருகிய பிறகு ஊசி இருந்த இடம் ஓட்டையாக மிஞ்சுகிறது. மூளையிலும் அதேதான். இதில் வம்பு என்னவென்றால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளை சுருங்கிப்போகும் ஒரு வியாதியிலும் மேலடுக்கில் இதேபோல் பொடிப்பொடியாக ஓட்டை விழும். வியாதி போட்ட ஓட்டையா, பனி போட்டதா என்று பிரித்துச் சொல்லப் பழகிய கண்ணே சில நேரம் திணறும்.

அப்பாவுக்கு அந்த வியாதிதான் என்று ஒரு டாக்டர் சொன்னார். இன்னொருவர் மனநோய் என்றார். மூன்றாமவர், வயசானால் சிலர் இப்படி ஆவதுண்டு என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினார். ஸ்கேன் எடுக்க அப்பா ஒருமுறைகூட அசையாமல் படுத்ததில்லை. கோவிந்த் மாமாவும் மற்ற ஃப்ளாட்காரர்களும் டாக்டரைக் கேட்காமலே கொழுப்பு என்று முடிவுகட்டியிருந்தார்கள். அடுத்தவர் வாசலில் கிடக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு போவார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை ஜாங்கிரியை எடுத்துத் தின்பார். சித்திரை வெயிலிலும் மெரூன் நிற மங்கி குல்லாவைக் கழற்ற மாட்டார். அதற்கு முன்னால் அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருஷத்துக்கு மேல் பிரேக் பிரிவில் இருந்தவர். காப்பி ஆற்றும்போதுகூட ஒரு சொட்டு சிந்தாதவர்.

இதையெல்லாம் அம்மா சத்யபாமா சிரித்துக்கொண்டு தாங்கினாள். ஒன்றைத் தவிர. அறுபதாம் கல்யாணத்தில், இரண்டாவது முறையாகத் தாலி கட்டப் போகும்போது, அப்பா கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மொதல் தடவையே பிடிக்காமத்தான் கட்டினேன் என்றார், மைக்கில் சொல்வதுபோல. நாதஸ்வரக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கெட்டிமேளத்தை நீட்டினார். அச்யுத் அன்று சாப்பிடாமல் கிளம்பிப் போனவன், அதன்பின் வரவில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதன்பின் ஏழு வருஷம் ஊட்டிவிட்டாள், குளிப்பாட்டினாள், அதை மட்டும் பேசவில்லை.

நெற்றிப் பக்கத்து மூளை மனிதனுக்கு பிரேக் மாதிரி. வாய்வரை வந்ததை நிறுத்துவது அதன் வேலை. அது பழுதாகியிருந்தால் அன்று பேசியது பிரேக் இல்லாத வண்டி. பழுதில்லாமல் நன்றாக இருந்தால்?

ஸ்ம்ருதி பால்கனிக் கதவுவரை போய்த் திரும்பினாள். மறுபடியும் நடந்தாள்.

கைபேசி அதிர்ந்தது. பெலிண்டா. அதே மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனைக் கூடத்து டாக்டர், தோழி.

"அம்மாகிட்ட கேட்டியாடி?"

"இல்ல."

"எப்ப கேக்கப் போற? நான் பக்கெட்டுல ஃபார்மலின் ஊத்தி வெச்சிட்டு உக்காந்திருக்கேன். சாயந்தரத்துக்கு மேல இங்க ஆள் கிடையாது. நாளைக்குக் காலைல உன் தம்பி வந்துட்டா முடிஞ்சது."

"தெரியும்."

"எப்படிக் கேக்கணும்னு எங்களுக்கெல்லாம் பாடம் நடத்துனவ நீ."

அது உண்மைதான். அவள் போட்ட பாடங்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அது. நின்றுகொண்டு கேட்காதீர்கள், உட்காருங்கள். 'உடல்' என்று சொல்லாதீர்கள், போனவரின் பெயரைச் சொல்லுங்கள். கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். கேட்காமல் விட்டுவிட்டுப் பின்னால் வருந்தும் டாக்டர்கள் அதிகம், கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் குடும்பங்கள் குறைவு. கேமராவைப் பார்த்து இதைச் சொன்னபோது அவள் எத்தனை தெளிவாக இருந்தாள்.

எதிர் ஃப்ளாட்டிலிருந்து பேச்சு கேட்டது. உடலை எடுக்கும்வரை அக்கம்பக்கத்தில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது அந்தத் தெருவில் இன்னும் இருக்கும் பழக்கம். ஒரு பகலென்றால் சரி, மறுநாள்வரை என்றதும் சங்கத்தில் குழப்பம் வந்துவிட்டது. மேல்மாடிக்காரர், இண்டக்ஷன் அடுப்பில் நெருப்பே இல்லையே, அது அடுப்புக் கணக்கில் வராது என்று வாதாடிக்கொண்டிருந்தார். அப்படியென்றால் அதில் செய்த தளிகையைப் பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணலாமா என்று கோவிந்த் மாமா கேட்டார். கீழ்வீட்டு மாமிக்குச் சர்க்கரை. காலையிலிருந்து பிஸ்கட்டில் ஓட்டுகிறார் என்பதையும் யாரோ சொன்னார்கள். பசியில் குரல்கள் உயர்ந்து, சாவு வீடு என்ற நினைவு வந்ததும் தணிந்தன.

ஸ்ம்ருதி பெட்டிக்குத் திரும்பியபோது குமிழ் மறுபடியும் கடைசியில் இருந்தது. மாமா எப்போது வந்து போனார் என்று தெரியவில்லை. மூடியின் உட்பக்கம் அப்பாவின் நெற்றிக்கு நேராக வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் வெளியிலிருந்து தேய்த்தாள். போகவில்லை. பனி உள்ளே இருந்தது.

அவள் குமிழைப் பிடித்தபோது பக்கத்தில் இன்னொரு கை வந்தது. அம்மா. காலையிலிருந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்திருந்தாள்.

"அவருக்குக் குளுருமேன்னு நீ கொறைக்கறேன்னு எல்லாரும் பேசிக்கறா" என்றாள் அம்மா.

ஸ்ம்ருதி குமிழிலிருந்து கையை எடுத்தாள்.

"தக்காளி மாதிரி ஆயிடும், அதானே?"

ஸ்ம்ருதி திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்குச் சாதம் ஊட்டறச்சே டீவில உன் வீடியோவப் போட்டுண்டுதான் உக்காருவேன். உன் குரல் கேட்டாத்தான் வாயத் தொறப்பார். ஒண்ணு விடாம கேட்டிருக்கேன்." அம்மா ஒரு மோடாவை இழுத்துப் போட்டாள். "என்ன கேக்கணுமோ கேளு. உக்காந்து கேக்கணும்னு நீதானே சொல்லுவே."

ஸ்ம்ருதி உட்கார்ந்தாள். "அப்பாவோட..." என்றாள். பெயரைச் சொல்ல வேண்டும். அப்பாவை 'அப்பா' என்பதைத் தவிர வேறு பெயரால் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "அப்பாவோட மூளைய எடுத்துப் பாக்கலாமா? இன்னிக்கே. சாயங்காலத்துக்குள்ள அப்பாவத் திரும்பக் கொண்டுவந்துடலாம்."

பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே, வாயை மூடிக்கொண்டாள். கம்ப்ரசர் மட்டும் ஓடியது.

அம்மா கண்ணாடியில் அப்பாவின் நெற்றிக்கு நேராக விரலை வைத்தாள்.

"பாத்தா தெரியுமா? அன்னிக்கு மேடையில சொன்னது அவரா, வியாதியான்னு?"

"முன்பக்கம் சுருங்கியிருக்கான்னு தெரியும்மா. சுருங்கியிருந்தா, தடுக்கற சக்தி அவருக்கு இல்லேன்னு அர்த்தம். மூளை மட்டும் அங்கேயே ஃபார்மலின் மருந்துல ரெண்டு மூணு வாரம் ஊறணும், கெட்டியாகணும். அப்புறம் ரொட்டி நறுக்கற மாதிரி நறுக்கிப் பாக்கணும். மனசுல என்ன இருந்ததுங்கறது எந்த ஸ்லைடுலயும் தெரியாது."

"சுருங்காம இருந்தா?"

ஸ்ம்ருதி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நீயா பாப்பே?"

"பெலிண்டாதான் பார்ப்பா. சொந்தப் பொண்ணு நான் பாக்கக் கூடாது."

அம்மா தலையாட்டினாள். பிறகு வேறு ஏதோ ஞாபகம் வந்தவள்போல, "தையல் போட்டது வெளில தெரியுமோ? அச்யுத் பயந்துடப் போறான்" என்றாள்.

"ஒரு காதுக்குப் பின்னாலேருந்து உச்சி வழியா இன்னொரு காதுக்குப் போகும். முகத்துல ஒண்ணும் தெரியாது."

அம்மா எழுந்து உள்ளே போனாள். பீரோக் கதவு கிறீச்சிட்டது. திரும்பி வந்தபோது கையில் மெரூன் நிற மங்கி குல்லா இருந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு, குமிழை இடப்பக்கம் கடைசிவரை திருப்பினாள். கம்ப்ரசர் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

சத்தம் நின்றதைக் கேட்டுத்தான் கோவிந்த் மாமா ஓடிவந்தார். என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முகம் மாறியது. வாசலைத் தாண்டிய சரீரத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவரக் கூடாது என்றார். அச்யுத்தைக் கேட்க வேண்டாமா என்றார். முழுசா அனுப்பாம இதென்ன என்றார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

"உள்ள கொண்டுவர வேண்டாம், கீழ போர்ட்டிகோலயே வெச்சுப்போம். அச்யுத்துக்கு நான் சொல்லிக்கறேன்" என்றாள். "மாமா, இப்போ அவர எடுத்துண்டு போறா. திரும்பி வரதுக்குள்ள எல்லாரையும் அடுப்ப மூட்டச் சொல்லுங்கோ. கீழ்வீட்டு மாமிக்கு மொதல்ல ரெண்டு தோசை வார்க்கச் சொல்லுங்கோ."

கோவிந்த் மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினார். ஒவ்வொரு கதவாகத் தட்டும் சத்தம் கேட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரை ஏற்றியதும் அம்மா எல்லோருக்கும் முன்னால் ஏறி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஸ்ம்ருதி எதிரே உட்கார்ந்து பெலிண்டாவுக்கு ஒரு வரி அனுப்பினாள். டிரைவர் பின்கதவைச் சாத்த வந்தபோது மேலே ஒரு குக்கர் விசிலடித்தது. அடுத்த மாடியில் இன்னொன்று. எங்கோ கடுகு வெடித்தது.

தெருமுனை வேகத்தடையில் வண்டி குலுங்கியது. அம்மா குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அப்பாவின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.