மாலக்கி வீட்டு வாசல்

பயணத்தின் மூன்றாம் நாள் சாயங்காலம் நோரீனின் சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் கேரடைஸ் ஏரிக்கரையில் வண்டியைச் சாய்த்துவைத்துவிட்டு, நான்காவது தடவையாகச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“விடு, தேஞ்சே போயிடப்போகுது,” என்றான் அவள் கணவன் டெக்லன். பையில் நசுங்கிப்போன ஹாம் சாண்ட்விச்சைப் பிரித்துத் தின்றபடி சொன்னான். “நாலு கிலோமீட்டர். ஒரு மேடு, ஒரு இறக்கம். உன் தம்பி வீட்டுக்குப் போறதா இருந்தா இப்பவே கிளம்புவோம். இல்லேன்னா பாலினமோர் டவுனுக்குப் போய்க் குளிச்சிட்டு ஆளுக்கொரு பைண்ட் பீர் அடிப்போம். எனக்கு எதுவானாலும் சரி.”

“எதுவானாலும் சரிங்கிறவன் ஏன் என் மூஞ்சியையே கொட்டக் கொட்டப் பாக்குற?”

பார்க்கத்தானே செய்வான். ஏரிகளைச் சுற்றி ஆறு நாள் என்று டப்ளினில் உட்கார்ந்து வழி போட்டவள் அவள். வரைபடத்தில் பென்சில் கோடு நெளிந்து நெளிந்து வந்து, லீட்ரிமில் அவள் பிறந்த வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி நின்றது. தற்செயலாம்! இத்தனை ஏரி இருக்கிற மாவட்டத்தில் வேறு ஏரியே கிடைக்கவில்லை பாருங்கள்.

அந்த வீட்டுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அம்மா இறந்தபோது நோரீன் கடல் தாண்டி பெர்கனில் நர்ஸ் வேலையில் இருந்தாள். ஜனவரி மாதம், விமான நிலையத்தைப் பனி மூடிவிட்டது. தம்பி மாலக்கிக்குப் போன் போட்டு, “ஒரே ஒரு நாள் தள்ளி வைடா,” என்று கெஞ்சினாள். அவன் “முடியாதுக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். மூன்றாம் நாள் காலையில் அம்மாவை அடக்கம் செய்தார்கள். அந்த நேரத்தில் அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஓடுபாதையில் பனி வாரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டனிலிருந்து வருகிறவனுக்கும் சிட்னியிலிருந்து வருகிறவளுக்கும் இரண்டு நாள்கூடக் காத்திருக்கும் ஊர் அது. அவளுக்கு மட்டும் ஒரு நாள் கிடைக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது, கிறிஸ்துமஸ் அட்டையும் நின்றது. மூன்று வருஷம் கழித்து அவள் டப்ளினுக்கே திரும்பிவந்து டெக்லனைக் கட்டிக்கொண்டபோது, தம்பிக்கு அழைப்பு வைக்கவில்லை. வைக்காததை நினைத்து நினைத்து எட்டு வருஷமாகத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

“வாசலைப் பாத்துட்டுத் திரும்பிடுவோம்,” என்றாள் கடைசியில். “சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்ற? உன் காலுகிட்ட சொல்லு.”

ஒற்றை வண்டிப் பாதை. நடுவில் புல் முளைத்திருந்தது. மேட்டில் ஏறும்போது பின்னால் ஒரு கார் வந்தது. இருவரும் வேலியோரம் ஒதுங்கினார்கள். ஓட்டியவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு கார் வந்தது. பிறகு மூன்றாவது, நான்காவது. அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு நாலு கார் வந்தாலே அதிசயம். எல்லாம் ஒரே பக்கமாகப் போயின. உள்ளே இருந்தவர்கள் கோட்டு போட்டிருந்தார்கள்.

நோரீன் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள்.

வளைவு திரும்பியதும் பார்த்தாள். மாலக்கி வீட்டுக்கு இரண்டு பக்கமும், பாதிச் சக்கரம் பள்ளத்திலும் பாதிச் சக்கரம் புல்லிலுமாகப் பத்துப் பதினைந்து கார்கள். வைக்கோல் கொட்டகை ஓரம் ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு பெர்னி தாளால் மூடிய தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் பின்னாலேயே, கையில் சின்னப் பெட்டியோடு பாதிரியார்.

“ஏதோ பார்ட்டி போலிருக்கே,” என்றான் டெக்லன், மூச்சு வாங்க.

“செவ்வாய்க்கிழமை அன்னிக்கு, கழுத்துப்பட்டை கட்டிக்கிட்டு, பாதிரியாரைக் கூட்டிக்கிட்டா பார்ட்டி? டப்ளின்காரனுக்கு என்ன தெரியும்!” குரல் உடைந்துவிட்டது. “சாவு வீடு, டெக்லன். இது சாவு வீடு.”

மாலக்கி தனிக்கட்டை. அந்த வீட்டில் சாவதற்கு வேறு ஆள் கிடையாது.

சைக்கிள் எங்கே விழுந்தது என்றுகூட அவள் பார்க்கவில்லை. சுவரில் புதுச் சுண்ணாம்பு, கதவில் புதுச் சிவப்புப் பெயின்ட். பாவி, அடித்துப் பத்து நாள்கூட இருக்காது, அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று முனகினாள். நாலு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து சங்கிலி துடைத்தேனே, நான் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த ஊரில் சாவு வீடு என்றால் நெருங்கின சொந்தம் வாசலில் நிற்கவேண்டும். வருகிறவர்கள் வரிசையாகக் கைகொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். அம்மாவுக்கு நிற்கக் கொடுத்துவைக்கவில்லை. தம்பிக்காவது நிற்போம் என்று, மஞ்சள் மழைக்கோட்டும் சேறு தெறித்த முழங்காலுமாக, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். டெக்லனும் பக்கத்தில் நின்றான், அரைக்கால் சட்டையோடு.

ஜனங்கள் கொஞ்சம் திகைத்தார்கள். ஆனால் நீட்டின கையை மறுக்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. ஒவ்வொருவராக வந்து குலுக்கினார்கள்.

“வந்ததுக்கு ரொம்ப நன்றி,” என்றாள் நோரீன்.

“இதென்னம்மா, வராம இருப்போமா?”

“வந்ததுக்கு ரொம்ப நன்றி.”

“நீ வந்தியே, அதுதான் பெருசு.”

எண்பது வயது பாட்ஸி, பெர்னியின் மாமனார், அவள் கையைப் பிடித்தவர் விடவில்லை. “நீ வருவேன்னு அவன் சொல்லவேயில்லையே!”

“அவன் எப்படிச் சொல்லுவான், பாட்ஸி?”

“அதுவும் சரிதான். உங்களுக்குள்ளதான் பேச்சே இல்லையே.”

நோரீன் கண்ணைத் துடைத்தாள். “ரொம்பக் கஷ்டப்பட்டானா?”

பாட்ஸி யோசித்தார். “படாம? ரெண்டு வாரமா மாடாப் பாடுபட்டான். கூரையில ஏறாதடா, வயசாச்சு, ஆளை வச்சு செய்யுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?”

ஆக, கூரையிலிருந்து விழுந்திருக்கிறான். அவள் டெக்லன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள்.

“யாரது வாசலை அடைச்சுக்கிட்டு?” என்று கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். “ஃபாதருக்கு மேசை போடணும், கொஞ்சம் தள்ளுங்க சாமி!”

ஒரு மேசை வந்தது. அதன் பின்னால், பழைய கோட்டும் இறுக்கிக் கட்டிய கழுத்துப்பட்டையுமாக, முகமெல்லாம் வேர்வையோடு மாலக்கி வந்தான். அக்காவைப் பார்த்ததும் மேசையைத் தன் கால்மேலேயே வைத்துவிட்டான்.

நோரீன் இடித்தபுளி மாதிரி நின்றாள். அப்புறம் தலைக்கவசத்தால் அவன் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

“நீ செத்துப்போயிட்டேன்னு நெனச்சேன்டா, பாவி!”

“நானா? சாகறதுக்கு எங்கக்கா நேரம்? முப்பது பேருக்கு டீ போடணும்.”

கொட்டகைப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். வேறொன்றுமில்லை, வீட்டுப் பூசை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பாதிரியார் வந்து அடுப்படியில் பூசை வைப்பார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதடவை ஒரு வீட்டுக்கு முறை வரும். அது வந்தால்தான் சுவருக்குச் சுண்ணாம்பு, கூரைக்கு ஓடு. அதிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தோன்றவில்லை.

“பார்ட்டின்னு நான் அப்பவே சொன்னேன்,” என்றான் டெக்லன்.

“வாயை மூடு.”

பூசை நடந்தது. வீட்டில் இறந்தவர்களின் பெயரை வாசித்தபோது அம்மா பெயரும் வந்தது. நோரீன் அடுப்பு ஓரம் உட்கார்ந்திருந்தாள். தம்பி உயிரோடிருக்கிற நிம்மதி ஒரு பக்கம் இருக்க, பழைய கோபம் மெல்ல எழுந்து வந்தது. கதவுக்கு வெளியே நின்றபோது அவனை முழுசாக மன்னித்திருந்தாள். செத்தவனை மன்னிக்க என்ன செலவு? தட்டு நீட்டி “அக்கா, முட்டை சாண்ட்விச் எடுத்துக்கோ” என்று இளிக்கிறவனை அப்படி மன்னிக்க முடியவில்லை.

எல்லோரும் டீயில் இறங்கியதும் அவன் கெட்டிலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குழாய்க்குப் போனான். இவளும் பின்னாலேயே போனாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. சரிவுக்குக் கீழே ஏரி தெரிந்தது.

“ஒரு நாள்டா. ஒரே ஒரு நாள். ஏன்டா பொறுக்கல?”

மாலக்கி குழாயைத் திறந்தான். கெட்டில் நிறைந்து வழிந்தும் மூடவில்லை.

“சொல்லுடா!”

“குழியில தண்ணிக்கா,” என்றான். “அந்த ஜனவரி மழை உனக்குத் தெரியாது. ஏரி கல்லறை மதில் வரைக்கும் ஏறிடுச்சு. பாட்ஸி, அவர் பையன், நானு, இன்னும் மூணு பேரு, குழி தோண்டத் தோண்ட ஊறுது. முழங்கால் அளவு. விடியறதுலேர்ந்து வாளி வச்சு எறைச்சோம். மறுநாளைக்கு இன்னும் மழைன்னு ரேடியோவுல சொல்லிட்டான். ஒரு நாள் விட்டா இடுப்பளவு வந்திருக்கும்.”

“அதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“என்னன்னு சொல்றது? அம்மாவுக்குத் தண்ணி எறைச்சுக்கிட்டிருக்கேன்னா? நீ அங்க தனியா உக்காந்திருக்க. அதைக் கேட்டுட்டு என்ன பண்ணுவ? என்னைத் திட்டிக்கிட்டாவது இருக்கட்டும்னு போனை வச்சுட்டேன்.”

நோரீன் கை நீட்டிக் குழாயை மூடினாள். பதினோரு வருஷம் ஒவ்வொரு இரவும் அவனைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டிருக்கிறாள். இப்படி ஒரு பதில் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அழுகை வந்தது, அழுதாள். அவன் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் மழைக்கோட்டின் பட்டனைப் போட்டுவிட்டான்.

மழைக்கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அம்மாவைக் குழியில இறக்கும்போது தண்ணி இருந்துச்சா?”

“இல்லக்கா,” என்றான் மாலக்கி உடனே. “நானே உள்ள இறங்கிக் கடைசி வாளி எறைச்சேன். அடியில வைக்கோல் பரப்பினோம். ஈரமே இல்ல. காஞ்ச எடத்துலதான் வச்சோம்.”

பொய் சொன்னால் அவன் காது சிவந்துவிடும். ஏழு வயதில் ஜாம் பாட்டிலைக் காலி பண்ணிவிட்டு நின்றபோதிலிருந்தே அவளுக்குத் தெரியும். இப்போது இரண்டு காதும் பழுத்துப்போயிருந்தன.

“நல்லவேளைடா,” என்றாள் நோரீன். கெட்டிலின் ஒரு பக்கத்தை அவளும் பிடித்துக்கொள்ள, இருவரும் உள்ளே போனார்கள்.